கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், கேம்பிரிட்ஜுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கிற நம்மவர்களும், லண்டனிலிருந்து ஒருநாள் வந்துபோக நினைப்பவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கிறிஸ்தவ இசையில் பழக்கம் இல்லாதவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 20க்கு மேல் லீவு போட்டுவிட்டு வந்தால் எல்லாவற்றையும் கேட்கலாமா?

முடியாது. அதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். இந்த ஊரில் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மிக்கல்மஸ் என்று சொல்லப்படும் முதல் பருவம் அக்டோபரில் தொடங்கி எட்டே வாரம்தான், டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். உண்மையான கிறிஸ்துமஸுக்கு யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பதால் மாணவர்கள் நவம்பர் 25ஆம் தேதியையே ‘பிரிட்ஜ்மஸ்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான ஆட்வென்ட்டுக்குக் கல்லூரிகளில் நடக்கும் ஆராதனைகள், கேரல் என்ற கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான ஆராதனைகள், மாணவர் இசைக்குழுக்களின் பருவக் கடைசிக் கச்சேரிகள் எல்லாம் நவம்பர் கடைசி வாரத்திலும் டிசம்பர் முதல் சில நாட்களிலும் அடுத்தடுத்து வந்துவிடும், சில நாள் ஒரே மாலையில் இரண்டு மூன்று கூட இருக்கும். அதனால் லீவை நவம்பர் கடைசிக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டிசம்பர் நடுவில் வந்தால் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஊர்க்காரர்களின் பாடகர் குழுக்கள், தேவாலயங்கள், 1875இல் திறந்த கார்ன் எக்ஸ்சேஞ்ச் அரங்கம் எல்லாம் டிசம்பர் முழுக்க இயங்கும். கல்லூரிகள் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும். கிங்ஸ் கல்லூரிக் குழு மட்டும் கிறிஸ்துமஸ் வரை பாடிவிட்டுத்தான் கலையும்.

கிங்ஸ் கல்லூரியில் டிசம்பர் 24ஆம் தேதி நடப்பது என்ன? கச்சேரியா, ஆராதனையா?

ஆராதனை. உலகம் முழுக்க வானொலியில் கேட்பதால் பலரும் கச்சேரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் உள்ளே கைதட்டல் கிடையாது, டிக்கெட் காசு கிடையாது, மேடையும் கிடையாது. வேதாகமத்திலிருந்து ஒன்பது வாசிப்புகள், அவற்றுக்கு நடுவே கேரல் பாடல்கள், மொத்தம் ஒன்றரை மணி நேரம். முதல் வாசிப்பை ஒரு பாடகச் சிறுவன் வாசிப்பான், கடைசி வாசிப்பைக் கல்லூரியின் தலைவர் வாசிப்பார். ஏதேனில் ஆதாம் ஒளிந்துகொண்டதில் தொடங்கி, ஆதியிலே வார்த்தை இருந்தது என்ற யோவானின் வரிகளில் வந்து முடியும்.

இந்த அமைப்பு கேம்பிரிட்ஜில் பிறந்ததில்லை. 1880இல் கார்ன்வால் பகுதியில் உள்ள ட்ரூரோவில், பேராலயம் இன்னும் கட்டி முடியாத நிலையில், தற்காலிகமாகப் போட்ட ஒரு மரக்கொட்டகையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முதன்முதலாக நடந்தது. அதை வகுத்தவர் அங்கே பேராயராக இருந்த எட்வர்ட் வைட் பென்சன். கிங்ஸ் கல்லூரிக்கு அதைக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். முதல் உலகப்போரில் ராணுவப் போதகராக இருந்துவிட்டுத் திரும்பி, 34 வயதில் கல்லூரி ஆலயத்துக்குப் பொறுப்பான டீன் ஆனவர். 1918 டிசம்பர் என்றால் போர் ஓய்ந்து ஆறே வாரம். போன இளைஞர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. வழக்கமான வழிபாட்டு முறை இந்தத் துக்கத்துக்குப் போதாது என்று நினைத்துத்தான் அவர் இதைத் தொடங்கினார். தொடக்கத்தில் வாசிக்கப்படும் ஜெபம் அவர் எழுதியது. வேறொரு கரையில், இதைவிடப் பெரிய ஒளியில் நம்மோடு மகிழ்ந்திருப்பவர்களை நினைவுகூரும் இடம் அதில் வரும். யாரை நினைத்து எழுதியது என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

1928இல் பிபிசி முதன்முதலாக ஒலிபரப்பியது. 1930ஐத் தவிர அதன்பின் ஒவ்வொரு வருடமும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது பழைய வண்ணக் கண்ணாடிகளைப் பாதுகாப்புக்காகக் கழற்றிவிட்டார்கள், உள்ளே சூடேற்றவும் வழியில்லை, எந்த ஊர் எந்த ஆலயம் என்று வானொலியில் சொல்லவும் கூடாது. அப்போதும் பாடினார்கள்.

நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் டிசம்பரில் நடக்கும் ஒன்பது வாசிப்பு கேரல் ஆராதனைக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் வரிசை உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும், இதே மரபுதான் அது.

தொடக்கத்தில் தனியாகப் பாடும் சிறுவனுக்கு முன்கூட்டியே தெரியாதாமே, உண்மையா?

உண்மைதான். 1919 முதல் இந்த ஆராதனை ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ என்ற பாடலோடுதான் தொடங்குகிறது. முதல் சரணம் முழுவதையும் ஒரே ஒரு சிறுவன், எந்த வாத்தியத் துணையும் இல்லாமல் பாட வேண்டும். லட்சக்கணக்கானோர் நேரலையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில சிறுவர்களைத் தயார் செய்து வைத்திருப்பார்கள், யார் பாடப்போவது என்பதை இசை இயக்குநர் கடைசி நொடிகளில் ஒரு சைகையில்தான் காட்டுவார். இரவெல்லாம் பயந்துகொண்டு தூங்காமல் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு இது மிக நல்ல வழக்கமாகப் படுகிறது. குழந்தையின் மேல் அக்கறை உள்ள ஒருவர்தான் இப்படி யோசித்திருக்க முடியும்.

உள்ளே இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆலயம் கிட்டத்தட்ட 88 மீட்டர் நீளம், ஆனால் அகலம் 12 மீட்டர்தான், கூரை 24 மீட்டர் உயரத்தில். கட்டடக் கலைஞர் ஜான் வாஸ்டெல் 1515 வாக்கில் முடித்த, விசிறி விரித்தது போன்ற அந்தக் கல் கூரைதான் இந்த வகையில் உலகிலேயே பெரியது. சிறுவன் மேற்குக் கோடியில் நிற்கிறான். நடுவில் எட்டாம் ஹென்றி வைத்த பெரிய மரத்தடுப்பு, அதில் அவர் மனைவி ஆன் போலினின் பெயரெழுத்துகள் இன்னும் இருக்கின்றன, அதன் தலைமேல் ஆர்கன். கிழக்குப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாடுகிறவன் தெரிய மாட்டான், குரல் மட்டும் கல்லில் பட்டு மேலே ஏறி வரும். இரண்டாம் சரணத்தில் குழு சேரும், மூன்றாவதில் ஆர்கனும் சபையும் சேர்ந்துவிடும், பாடகர்கள் நடந்தபடியே வருவதால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். மணி மூன்று, வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் 24 அன்று இங்கே 3.50 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதனால் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே பதினாறாம் நூற்றாண்டு ஜன்னல்களின் நிறங்கள் ஒவ்வொன்றாக இருண்டுபோய், முடியும்போது மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் மிஞ்சும்.

இந்தச் சிறுவர்கள் யார்?

பதினாறு பேர். அந்த எண்ணிக்கை கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி காலத்து ஏற்பாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் படிக்கிறார்கள், பாடம் தொடங்கும் முன்பே காலையில் பயிற்சி, சாயங்காலம் ஆராதனை. அவர்களோடு கீழ்க்குரல்கள் பாடுவது கல்லூரியின் இளங்கலை மாணவர்கள், இவர்களுக்கும் வகுப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் உண்டு. ஆர்கன் வாசிப்பவரும் மாணவரே. மற்ற பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்குப் போனபின் இந்தப் பதினாறு பேர் மட்டும் பள்ளியிலேயே தங்கி, கிறிஸ்துமஸ் காலை ஆராதனையையும் பாடி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். 2019 முதல் இயக்குநர் டேனியல் ஹைட்.

டிசம்பர் 24க்கு இடம் எப்படிக் கிடைக்கும்?

முன்பெல்லாம் விடியற்காலையிலிருந்து, சிலர் முந்தின இரவிலிருந்தே, வரிசையில் நிற்பார்கள். இப்போது ஆன்லைனில் முன்கூட்டிப் பதிந்து குலுக்கலில் வர வேண்டும். நடைமுறை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அக்டோபரிலேயே கல்லூரியின் இணையதளத்தைப் பாருங்கள், தேதி தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. குலுக்கலில் கிடைக்க வாய்ப்பு குறைவு. இதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். யாராவது இந்த ஆராதனைக்கு டிக்கெட் விற்றால் வாங்கவும் வேண்டாம், இது இலவசம்.

டிவியில் வரும் ‘கேரல்ஸ் ஃப்ரம் கிங்ஸ்’ வேறு நிகழ்ச்சி. 1954இல் தொடங்கியது, டிசம்பரில் முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்துவிடுவார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது?

என்னைக் கேட்டால், கிடைத்தவர்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்: பருவம் நடக்கும்போது ஒரு சாதாரண வார நாளில் ஈவன்சாங் என்ற மாலை ஆராதனைக்குப் போங்கள். கிங்ஸில் மாலை 5.30 வாக்கில், ஞாயிறு 3.30க்கு. அதே ஆலயம், அதே குழு, இலவசம். பகலில் சுற்றிப் பார்க்கப் போனால் நல்ல தொகை கேட்பார்கள், ஆராதனைக்கு வருபவர்களிடம் வாங்குவதில்லை. நவம்பர் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மழை பெய்து சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு, அரை மணி முன்னால் போய் நின்றாலே பெரும்பாலும் பாடகர்களுக்கு மிக அருகில் இடம் கிடைத்துவிடும். சிறுவர்கள் பக்கம் திருப்புவதும், பெரிய பையன் பக்கத்திலிருக்கும் சின்னவனுக்கு வரியை விரலால் தொட்டுக் காட்டுவதும் தெரியும் தூரம். பர்ட், டாலிஸ், பர்செல் என்று முந்நூறு முதல் ஐந்நூறு வருடத்து இசையை முப்பது நாற்பது பேருக்காக டிசம்பர் 24க்குப் பாடும் அதே கவனத்தோடு பாடுவார்கள். இந்த ஊரின் இசை வருடம் முழுக்க இப்படித்தான் உயிரோடு இருக்கிறது, பண்டிகை நாளில் வானொலியில் கேட்பது இந்த அன்றாடப் பயிற்சியின் பலன். எந்த நாள் யார் பாடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்த ‘கிங்ஸ் வாய்ஸஸ்’ குழு பாடும், அதுவும் நன்றாகவே இருக்கும்.

நான் கிறிஸ்தவர் இல்லை, போகலாமா?

தாராளமாக. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது கிழக்குப் பக்கம் திரும்பி நிற்பார்கள், நீங்கள் வாய்திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முக்கால் மணி நேரம் ஆகும். தாவீதின் சங்கீதங்களை ஒருபக்க வரிசை ஒரு வசனம், எதிர்வரிசை அடுத்த வசனம் என்று மாறி மாறிப் பாடுவார்கள், ராகத்தைவிட மூச்சுதான் அங்கே முக்கியம், ஒரு வசனத்தின் நடுவில் விடும் சின்ன இடைவெளியை மொத்தக் குழுவும் ஒரே சமயத்தில் விடுவதைக் கவனியுங்கள். போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்கக் கூடாது. வாசலில் காணிக்கைத் தட்டு இருக்கும், உங்கள் விருப்பம்.

மற்ற கல்லூரிகளில் எதற்குப் போகலாம்?

முதலில் செயின்ட் ஜான்ஸ். ஆட்வென்ட் தொடங்கும் நவம்பர் கடைசியில் அங்கே நடக்கும் கேரல் ஆராதனையை 1981இலிருந்து பிபிசி ரேடியோ 3 ஒலிபரப்புகிறது. ஆட்வென்ட் என்பது காத்திருக்கும் காலம் என்பதால் பாடல்களும் அந்த மாதிரி, இருட்டில் தொடங்கி மெதுவாக வெளிச்சத்துக்கு வரும். கிங்ஸ் குழுவின் குரல் மிருதுவாக, ஒன்றோடொன்று கரைந்து வரும். ஜான்ஸ் குழுவுடையது இன்னும் கூர்மையாக, உணர்ச்சி வெளிப்படையாக இருக்கும், 1951 முதல் நாற்பது வருடம் இயக்குநராக இருந்த ஜார்ஜ் கெஸ்ட் வளர்த்த பாணி அது. 2022இல் இங்கே சிறுமிகளையும் பெண்களையும் குழுவில் சேர்த்தார்கள். சேர்த்தால் ஒலி கெட்டுவிடும் என்று வாதாடியவர்கள் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும்.

கிளேர், டிரினிட்டி, கீஸ் மூன்றிலும் சிறுவர்கள் இல்லை, மேல்குரல்களை மாணவிகள் பாடுகிறார்கள். இன்று உலகமெங்கும் டிசம்பரில் பாடப்படும் எத்தனையோ கேரல்களை எழுதிய ஜான் ரட்டர் படித்ததும் 1975 முதல் 1979 வரை இசை இயக்குநராக இருந்ததும் கிளேரில்தான். டிரினிட்டிக் குழு என் தனிப்பட்ட விருப்பம், ஏறத்தாழ முப்பது மாணவர்கள் இந்த அளவு துல்லியமாகப் பாடுவதை வேறெங்கும் கேட்டதில்லை. கேரல் ஆராதனைகளுக்குப் பல கல்லூரிகளில் முன்பதிவு தேவைப்படும்.

ஆராதனை வேண்டாம், கச்சேரிதான் வேண்டும். எங்கே?

இசைத்துறையின் வெஸ்ட் ரோடு அரங்கம், கார்ன் எக்ஸ்சேஞ்ச், பல்கலைக்கழகத் தேவாலயமான கிரேட் செயின்ட் மேரிஸ், அப்புறம் கல்லூரி ஆலயங்கள். பல்கலைக்கழக இசைச் சங்கம் 1843இல் தொடங்கியது. அதன் ஐம்பதாவது ஆண்டில் இசையமைப்பாளர்கள் சைகோவ்ஸ்கியும் சான்-சான்ஸும் இங்கே வந்து கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மாணவர் டிக்கெட் மலிவு, அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.

டிசம்பரில் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடும் ஹாண்டலின் ‘மெசையா’ எங்காவது ஒரு இடத்தில் கட்டாயம் இருக்கும். 1741இல் மூன்றரை வாரத்தில் எழுதி, 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் அரங்கேறியது, அதாவது ஈஸ்டரை ஒட்டி. கிறிஸ்துமஸுக்குப் பாடும் வழக்கம் பிறகு வந்தது. முழுசாகப் பாடினால் இரண்டரை மணி நேரம். பாகின் ‘கிறிஸ்துமஸ் ஒரேட்டோரியோ’ கிடைத்தால் அதை விடாதீர்கள். 1734-35இல் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரையிலான ஆறு திருநாட்களுக்கு ஆறு பகுதியாக எழுதியது. முதல் பகுதி நகரா மாதிரியான டிம்பனி முழக்கத்தோடு தொடங்கும், உட்கார்ந்த இடத்தில் அதிரும்.

‘மெசையா’வில் ‘அல்லேலூயா’ வரும்போது ஏன் எழுந்து நிற்கிறார்கள்?

லண்டனில் முதலில் பாடியபோது இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார், அதனால் எல்லோரும் நின்றார்கள் என்று கதை. அந்தக் காலத்தில் எழுதி வைத்த ஆதாரம் எதுவும் இல்லை. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. எழுந்து நிற்பதும் நிற்காததும் உங்கள் இஷ்டம்.

கைதட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள்: ஆராதனையில் வேண்டாம். கச்சேரியில் ஒரு படைப்பு முழுசாக முடிந்து, நடத்துநர் கையைக் கீழே இறக்கிய பிறகு தட்டுங்கள்.

போவதற்கு முன் எதைக் கேட்டுப் பழகலாம்?

‘இன் த ப்ளீக் மிட்விண்டர்’. கிறிஸ்டினா ரோசெட்டியின் கவிதைக்கு ஹோல்ஸ்ட் அமைத்த மெட்டும் உண்டு, ஹரால்ட் டார்க் அமைத்ததும் உண்டு. கிங்ஸில் பெரும்பாலும் டார்க்குடையது, போர்க்காலத்தில் அவரே அங்கே குழுவை நடத்தியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அடுத்து பெஞ்சமின் பிரிட்டனின் ‘எ செரமனி ஆஃப் கேரல்ஸ்’, 1942இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பலில் எழுதியது, உச்சக்குரல்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும். ‘ஹார்க் த ஹெரால்ட்’ கடைசிச் சரணத்தில் சபை மெட்டைப் பாடப் பாட மேலே சிறுவர்கள் வேறொரு மெட்டில் பறப்பார்களே, அது டேவிட் வில்காக்ஸ் எழுதியது. 1957 முதல் 1974 வரை கிங்ஸ் இயக்குநர்.

புதிய இசையும் உண்டு. கிங்ஸ் இயக்குநராக இருந்த ஸ்டீபன் கிளியோபரி 1983 முதல் ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய கேரலை எழுதச் சொல்லி டிசம்பர் 24 அன்று பாடவைத்தார். ஜூடித் வெயர் 1985, ரட்டர் 1987, எஸ்தோனியாவின் அர்வோ பார்ட் 1990. பார்ட்டுடையது ஒரு நிமிடம் சொச்சம்தான், முடிந்ததும் இன்னொரு முறை கேட்கத் தோன்றும். பழமைக்குப் பெயர்போன ஒரு ஆராதனைக்குள் வருடா வருடம் புதுசு ஒன்றை வைத்ததற்காகவே கிளியோபரிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உடை, குளிர், குழந்தைகள்?

உடைக் கட்டுப்பாடு இல்லை. கல் கட்டடம், நல்ல குளிர், கோட்டைக் கழற்ற மாட்டீர்கள். தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தரையிலிருந்துதான் குளிர் ஏறும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஈவன்சாங் நல்ல தொடக்கம், தங்கள் வயதுப் பிள்ளைகள் பாடுவதைப் பார்த்தால் ஆர்வமாக உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தை என்றால் கதவோரமாக இடம் பிடியுங்கள்.

ரயில்?

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வேக ரயிலில் 50 நிமிடம். டிசம்பர் 24 மாலை சீக்கிரமே ரயில்களை நிறுத்திவிடுவார்கள், 25ஆம் தேதி ரயிலே கிடையாது. நேரம் இருந்தால் ரயிலில் கால் மணி தூரத்தில் ஈலி பேராலயத்துக்கும் ஒரு மாலை போய் வாருங்கள், அங்கே சிறுவர் குழுவும் சிறுமியர் குழுவும் உண்டு, கல்லூரி லீவு விட்டபின்னும் பாடுவார்கள்.

ஊரிலிருந்தே கேட்க முடியுமா?

முடியும். பிபிசி ரேடியோ 4இல் பிரிட்டன் நேரம் மாலை 3 மணி, இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 8.30. உலக சேவையிலும் வரும். கிறிஸ்துமஸ் அன்று ரேடியோ 3இல் மறுபடி ஒலிபரப்புவார்கள். பாடல்களும் வாசிப்புகளும் அச்சிட்ட கையேட்டைக் கல்லூரி தன் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடும், அதை இறக்கி வைத்துக்கொண்டு, முதல் பாடல் சன்னமாகத்தான் தொடங்கும் என்பதால் 8.25க்கே ஒலியைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.